லத்தீனில் ஒப்பீட்டு வினையடை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழில் ஒப்பிட்டுப் பேச வினையடையைத் தொட வேண்டியதில்லை. வேகமாக ஓடினான், அவனை விட வேகமாக ஓடினான், இன்னும் வேகமாக ஓடினான். மூன்றிலும் ‘வேகமாக’ அசையாமல் நிற்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லே வடிவம் மாறும்.

தமிழ் வழியாக லத்தீன் படிக்க வருபவர்கள் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள். சிலர் ‘இன்னும்’ என்பதற்கு ஒரு லத்தீன் சொல்லைத் தேடி முன்னால் வைக்கிறார்கள். சிலர் வினையடையின் விகுதிக்கு மேல் இன்னொரு விகுதியை ஒட்டுகிறார்கள். இரண்டுமே தப்பு. ஒப்பீட்டு வினையடையை வினையடையிலிருந்து உண்டாக்கப் பார்க்காதீர்கள்; பெயரடைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். படிகளை மாற்றிச் செய்தால் பாதிச் சொற்களுக்குச் சரியாக வரும், மீதிப் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

1. முன்னேற்பாடு

முதல் தேவை, பெயரடையின் எல்லா வடிவங்களையும் தரும் அகராதி. லாத்துஸ் என்றால் ‘அகலமான’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும் கைபேசிச் செயலி இந்த வேலைக்கு உதவாது. லாத்துஸ், லாத்த, லாத்தும் என்று மூன்றையும் காட்ட வேண்டும். ஏன் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

அடுத்தது, பெயரடைகளில் இரு கூட்டம் உண்டு என்ற அறிவு. லாத்துஸ் போல முதல், இரண்டாம் வாய்பாடுகளில் (வேற்றுமை விகுதிகளை ஏற்கும் முறைகளில்) திரிபவை ஒரு கூட்டம். ஃபொர்த்திஸ் (துணிவான) போல மூன்றாம் வாய்பாட்டில் திரிபவை இன்னொன்று. வாய்பாடு முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. எது எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் போதும்.

இனி, இந்தக் கட்டுரையில் லத்தீன் சொற்களைப் படிக்கும் முறை. செவ்வியல் உச்சரிப்பையே பின்பற்றியிருக்கிறேன். சொல்லின் நடுவில் த்த, க்க, ப்ப என்று இரட்டித்தால் வல்லொலி. ஒற்றையாக வந்தால் மெல்ல ஒலிக்கும். சொல்லின் முதலில் வரும் த, க, ப மட்டும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அங்கே அகராதியைப் பாருங்கள். குறில் நெடில் இரண்டும் அப்படியே எழுதப்பட்டுள்ளன. இதில் தமிழ் எழுத்துக்கு ஒரு வசதி: லாத்தே என்பதன் கடைசி ஏகாரம் நெடில், பெனெ (நன்றாக) என்பதன் கடைசி எகரம் குறில். அச்சில் வரும் லத்தீன் நூல்கள் பலவும் இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை.

குருமடத்தில் படிப்பவர்களுக்குத் திருச்சபை உச்சரிப்புத்தான் பழக்கம். கித்தியுஸ் (இன்னும் விரைவாக) என்று நான் எழுதுவதை அவர்கள் ‘சித்சியுஸ்’ என்பது போலச் சொல்வார்கள். வடிவமும் எழுத்தும் ஒன்றே. ஒலியை மட்டும் உங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

2. தேவைப்படுவது வினையடைதானா என்று உறுதி செய்யுங்கள்

அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இது. தமிழில் சொல்லிப் பார்த்தால் போதும். ‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை. ‘அதிகத் துணிவான வீரர்கள்’ என்பதில் துணிவு வீரர்களைச் சேர்ந்தது. ‘வீரர்கள் அதிகத் துணிவாகப் போரிடுகிறார்கள்’ என்பதில் போரிடுவதைச் சேர்ந்தது.

மீலித்தேஸ் ஃபொர்த்தியுஸ் புக்னன்த்: வீரர்கள் இன்னும் துணிவாகப் போரிடுகிறார்கள்.

மீலித்தேஸ் ஃபொர்த்தியோரேஸ் புக்னன்த்: இன்னும் துணிவான வீரர்கள் போரிடுகிறார்கள்.

இரண்டாவது வாக்கியம் இலக்கணப்படி தவறில்லை. நினைத்தது ஒன்று, எழுதியது வேறு, அவ்வளவுதான். புதியவர்களுக்கு வீரர்கள் பன்மையில் இருந்தால் அடையையும் பன்மையாக்கும் ஆசை வரும். பெயரடை பெயரோடு பாலிலும் எண்ணிலும் வேற்றுமையிலும் ஒத்துப்போகும்; அதைப் படித்த சூட்டில் எல்லாவற்றையும் ஒத்துப்போக வைப்பார்கள். வினையடை எதனோடும் ஒத்துப்போகாது. எழுவாய் ஒருவனோ, ஆயிரம் பேரோ, பெண்ணோ, ஆறோ, ஃபொர்த்தியுஸ் ஃபொர்த்தியுஸ்தான்.

3. பெயரடையின் பகுதியைப் பிரியுங்கள்

வினையடையை மறந்துவிட்டு அகராதியில் பெயரடையை எடுங்கள். அங்கே இரண்டாவதாக நிற்கும் வடிவத்தைப் பார்த்து, அதன் விகுதியைக் களையுங்கள். மிஞ்சுவது பகுதி.

லாத்துஸ், லாத்த: ‘அ’வைக் களைந்தால் லாத்-.

ஃபொர்த்திஸ், ஃபொர்த்தெ: ‘எ’யைக் களைந்தால் ஃபொர்த்-.

ஔதாக்ஸ் (துணிச்சலான), ஔதாக்கிஸ்: ‘இஸ்’ஸைக் களைந்தால் ஔதாக்-.

ப்ரூதேன்ஸ் (விவேகமான), ப்ரூதென்த்திஸ்: ப்ரூதென்த்-.

முதல் வடிவத்தை நம்பக் கூடாது. ஔதாக்ஸ், ப்ரூதேன்ஸ் இரண்டிலும் எழுவாய் வடிவம் பகுதியின் கடைசி மெய்யை மறைத்துவிடுகிறது. ‘ப்ரூதேன்ஸியுஸ்’ என்று எழுதுபவர்கள் எல்லாரும் முதல் வடிவத்திலிருந்து தொடங்கியவர்கள்.

‘எர்’ என்று முடியும் பெயரடைகளில் இது இன்னும் முக்கியம். அவற்றில் சில நடுவிலுள்ள எகரத்தை வைத்துக்கொள்ளும், சில விட்டுவிடும். முதல் வடிவத்தைப் பார்த்து எது எப்படி என்று ஊகிக்க வழியில்லை.

லீபெர் (தடையற்ற), லீபெர: எகரம் நிற்கிறது. பகுதி லீபெர்-.

புல்க்கெர் (அழகான), புல்க்ர: எகரம் போய்விட்டது. பகுதி புல்க்ர்-.

கெலெர் (வேகமான), கெலெரிஸ்: நிற்கிறது. கெலெர்-.

ஆக்கெர் (கூர்மையான, தீவிரமான), ஆக்ரிஸ்: போய்விட்டது. ஆக்ர்-.

4. விதிவிலக்குப் பட்டியலை இப்போதே பாருங்கள்

பாடநூல்கள் விதியை முதலில் சொல்லிவிட்டு விலக்குகளைக் கடைசியில் வைக்கும். எழுதும்போது நேர்மாறாகச் செய்யுங்கள். விலக்குகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வருபவை அவையே. விதியைப் போட்டுவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம் என்று விட்டால் யாரும் சரிபார்ப்பதில்லை.

கட்டாயம் மனப்பாடமாக இருக்க வேண்டியவை இவை. இயல்பு நிலை, ஒப்பீட்டு நிலை, உச்ச நிலை என்ற வரிசையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்:

பெனெ, மெலியுஸ், ஒப்த்திமே: நன்றாக

மலெ, பெய்யுஸ், பெஸ்ஸிமே: மோசமாக

மக்னொப்பெரெ, மகிஸ், மக்ஸிமே: பெரிதும்

முல்த்தும், ப்லூஸ், ப்லூரிமும்: மிகுதியாக

பரும், மினுஸ், மினிமே: போதாமல், குறைவாக

தியூ, தியூத்தியுஸ், தியூத்திஸ்ஸிமே: நெடுநேரம்

ஸைப்பெ, ஸைப்பியுஸ், ஸைப்பிஸ்ஸிமே: அடிக்கடி

ப்ரொப்பெ, ப்ரொப்பியுஸ், ப்ரொக்ஸிமே: அருகில்

இவற்றில் தியூ, ஸைப்பெ இரண்டுக்கும் பின்னால் நிற்கும் பெயரடை வழக்கில் இல்லை. அதனால்தான் மூன்றாம் படி அவற்றுக்குப் பொருந்தாது. தியூ என்பதன் ஒப்பீட்டில் இடையே ஒரு தகரம் நுழைவதைக் கவனியுங்கள். ‘தியூயுஸ்’ என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

மக்னுஸ் (பெரிய) ஒரு பொறி. அதன் ஒப்பீட்டுப் பெயரடை நடுப்பாலில் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பாலில்) மய்யுஸ். விதிப்படி அதுவே வினையடையாகவும் இருக்க வேண்டும். ஆனால் ‘இன்னும் பெரிதும்’ என்ற வினையடைப் பொருளுக்கு லத்தீன்காரர்கள் மகிஸ் என்ற சொல்லைத்தான் ஆண்டார்கள். வினையை அடுத்து மய்யுஸ் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

தமிழில் ‘அதிகம்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் இடத்தில் லத்தீனில் மூன்று சொற்கள் போட்டியிடும். எந்த அளவுக்கு என்பதைச் சொல்ல மகிஸ். எவ்வளவு என்ற தொகையைச் சொல்ல ப்லூஸ். இதைவிட அதுவே மேல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பொத்தியுஸ். புக்னத் பொத்தியுஸ் க்வம் ஃபுகித் என்றால் ‘ஓடுவதற்குப் பதில் போரிடுகிறான்’. அங்கே ப்லூஸ் போட்டால் போரும் ஓட்டமும் இரண்டுமே நடக்கின்றன, போர்தான் கொஞ்சம் கூடுதல் என்பது போல ஆகிவிடும். எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. மகிஸ், ப்லூஸ் இரண்டும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவதைப் படிக்கும்போது பார்ப்பீர்கள். எழுதும்போது இந்தப் பிரிவினையைக் காப்பது பாதுகாப்பு.

‘நீண்ட’ என்பதும் அப்படியே. நேரம் என்றால் தியூத்தியுஸ், தூரம் என்றால் லொங்கியுஸ். பெரும்பாலும் இது சரியாக வரும்.

இன்னொரு சின்னக் கூட்டம் உண்டு. ‘திக்குஸ்’, ‘ஃபிக்குஸ்’, ‘வொலுஸ்’ என்று முடியும் பெயரடைகள் ஒப்பீட்டில் ‘என்த்’ என்ற ஒரு துணுக்கை ஏற்கும். மக்னிஃபிக்குஸ் (பகட்டான) என்பதிலிருந்து வருவது மக்னிஃபிக்கென்த்தியுஸ். ‘மக்னிஃபிக்கியுஸ்’ கிடையாது.

5. ‘இயுஸ்’ விகுதியைச் சேருங்கள்

விலக்குப் பட்டியலில் இல்லையென்றால் மிச்ச வேலை எளிது. பகுதியோடு ‘இயுஸ்’ சேர்த்தால் முடிந்தது.

லாத்தியுஸ், ஃபொர்த்தியுஸ், ஔதாக்கியுஸ், ப்ரூதென்த்தியுஸ், லீபெரியுஸ், புல்க்ரியுஸ், கெலெரியுஸ், ஆக்ரியுஸ்.

இந்த வடிவம் புதிதல்ல. ஒப்பீட்டுப் பெயரடையின் நடுப்பால் ஒருமை இதுவேதான். (லத்தீனின் நடுப்பாலை நம் அஃறிணையோடு குழப்ப வேண்டாம். மேசை அங்கே பெண்பால்.) பெயரடையின் ஒப்பீட்டை ஏற்கெனவே படித்தவர் இங்கே புதிதாக ஒரு விகுதியும் கற்க வேண்டியதில்லை.

இப்போது பெயரடைக்குப் போகச் சொன்ன காரணத்தைப் பாருங்கள். இயல்பு நிலை வினையடை பல விதமாக முடியும். லாத்துஸிலிருந்து லாத்தே. ஃபொர்த்திஸிலிருந்து ஃபொர்த்தித்தெர். ப்ரூதேன்ஸிலிருந்து ப்ரூதென்த்தெர். ஃபக்கிலிஸ் (எளிய) என்பதிலிருந்து ஃபக்கிலெ, குறில் எகரத்தோடு. தூத்துஸ் (பத்திரமான) என்பதிலிருந்து தூத்தோ. ராருஸ் (அரிய) என்பதிலிருந்து ராரோ. ஐந்தாறு வால்கள். ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்ட ஒவ்வொரு விதி வேண்டியிருக்கும். பெயரடை வழியாகப் போனால் எல்லாம் ஒரே வாசலில் வந்து சேரும்: ஃபக்கிலியுஸ், தூத்தியுஸ், ராரியுஸ்.

இந்தப் படியில் அடிக்கடி காணும் பிழை ‘ஃபொர்த்தித்தெரியுஸ்’. ‘இத்தெர்’ விகுதியும் ‘இயுஸ்’ விகுதியும் ஒரே சொல்லில் ஒருபோதும் சேராது. எழுதி முடித்ததும் சொல்லுக்குள் ‘இத்தெர்’ ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

6. மகிஸ் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

‘இன்னும்’ என்பதற்கு மகிஸ் என்று கற்றவுடன் அதை எங்கும் போடுவது வழக்கமாகிவிடுகிறது. மகிஸ் கெலெரித்தெர் என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும், ஆனால் அது லத்தீன் நடை இல்லை. மகிஸ் கெலெரியுஸ் என்று இரண்டையும் சேர்த்தால் ஒப்பீட்டின் மேல் ஒப்பீடு. இரண்டையும் தவிருங்கள்.

மகிஸ் உண்மையில் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பெயரடையின் கடைசி ‘உஸ்’ஸுக்கு முன்னால் உயிர் நின்றால், ‘இயுஸ்’ சேர்க்கும்போது உயிர்கள் நெருக்கியடிக்கும். அங்கே சொல்லை அப்படியே விட்டு முன்னால் மகிஸ் வைப்பார்கள். இதோனெயுஸ் (தகுந்த) என்றால் மகிஸ் இதோனெயே. பெர்ஸ்பிக்குவுஸ் (தெளிவான) என்றால் மகிஸ் பெர்ஸ்பிக்குவே.

இதிலும் ஒரு போலி உண்டு. அன்த்தீக்வுஸ் (பழைய) என்பதில் ‘உஸ்’ஸுக்கு முன் நிற்பது உயிர் போலத் தோன்றும். அது ‘க்வ்’ என்ற மெய்க்கூட்டம். ஆகவே மகிஸ் வேண்டாம், அன்த்தீக்வியுஸ் என்றே வரும்.

இன்னோர் இடம், ஒரே ஆளின் இரு பண்புகளைத் தராசில் வைப்பது. ‘விவேகமாகப் போரிட்டதை விடத் துணிவாகப் போரிட்டான்’ என்றால் மகிஸ் ஃபொர்த்தித்தெர் க்வம் ப்ரூதென்த்தெர் என்று இயல்பு நிலையில் எழுதலாம். அல்லது இரண்டையும் ஒப்பீட்டு நிலைக்கு ஏற்றலாம். மிலோ என்பவருக்காக எழுதிய வழக்குரையில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இரண்டாவது வழியைப் பிடிக்கிறார்: லிபென்த்தியுஸ் க்வம் வேரியுஸ், அதாவது உண்மையாகச் சொல்வதைக் காட்டிலும் ஆசைப்பட்டுச் சொல்வது. இரண்டாவது சொல்லும் ‘இயுஸ்’ என்று முடிவது தமிழ்க் காதுக்கு விசித்திரமாக இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை.

குறைவைச் சொல்ல ‘இயுஸ்’ வழியே கிடையாது. மினுஸ் கெலெரித்தெர் என்றால் ‘அவ்வளவு வேகமாக இல்லாமல்’. மினுஸுக்குப் பின் இயல்பு நிலைதான் வர வேண்டும்.

7. எதை விட? க்வம் சொல்லும் வேற்றுமையும்

‘விட’ என்பதற்கு லத்தீனில் க்வம். தமிழ்க்காரர்களுக்கே உரிய பிழை இங்கே வருகிறது. நாம் ‘லூக்கியுஸை விட’ என்று இரண்டாம் வேற்றுமை போட்டுப் பேசுகிறோம். அதே கையோடு லத்தீனிலும் க்வம் லூக்கியும் என்று இரண்டாம் வேற்றுமையை எழுதிவிடுகிறோம். க்வம் எந்த வேற்றுமையையும் கேட்காது. ஒப்பிடப்படும் முதல் பெயர் எந்த வேற்றுமையில் நிற்கிறதோ அதே வேற்றுமையில் இரண்டாவதும் நிற்கும்.

மார்க்குஸ் கெலெரியுஸ் க்வம் லூக்கியுஸ் குர்ரித்: மார்க்குஸ் லூக்கியுஸை விட வேகமாக ஓடுகிறான். ஓடுபவர்கள் இருவரும் எழுவாய், ஆகவே இருவரும் முதல் வேற்றுமை.

வேற்றுமை தவறினால் வாக்கியம் கரடுமுரடாவதோடு நிற்பதில்லை. பொருளே தலைகீழாகும்:

மார்க்குஸ் மே ஸைப்பியுஸ் லௌதத் க்வம் தூ: நீ என்னைப் பாராட்டுவதை விட மார்க்குஸ் அடிக்கடி என்னைப் பாராட்டுகிறான்.

மார்க்குஸ் மே ஸைப்பியுஸ் லௌதத் க்வம் தே: மார்க்குஸ் உன்னைப் பாராட்டுவதை விட அடிக்கடி என்னைப் பாராட்டுகிறான்.

தூ முதல் வேற்றுமை, தே இரண்டாம் வேற்றுமை. முதல் வாக்கியத்தில் ‘நீ’ மார்க்குஸோடு போட்டி போடுகிறாய். இரண்டாவதில் என்னோடு. தமிழில் ‘உன்னை விட’ என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். லத்தீனுக்கு மாற்றும் முன் விடுபட்ட வினையைத் தமிழில் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். வேற்றுமை தானாகத் தெரிந்துவிடும்.

க்வம் இல்லாமல் ஐந்தாம் வேற்றுமையால் ஒப்பிடும் வழியும் உண்டு. பெயரடைகளோடு அது சாதாரணம். வினையடையோடு உரைநடையில் சில நிலைத்த தொடர்களில்தான் வரும். சீசர் எழுதிய ‘கால்’ (Gaul) நாட்டுப் போர் பற்றிய குறிப்புகளின் இரண்டாம் பகுதி, மூன்றாம் அத்தியாயத்தில், சீசர் எல்லாரும் எதிர்பார்த்ததை விட விரைவாக வந்து சேர்ந்ததைச் சொல்லும் இடத்தில் ஒப்பீனியோனெ (எதிர்பார்ப்பை விட) என்ற ஐந்தாம் வேற்றுமை கெலெரியுஸோடு நிற்கிறது. கவிதையில் கட்டுப்பாடு தளரும். ரோமானியக் கவிஞர் வெர்கிலின் ஈனியட் காவியத்தின் முதல் காண்டத்தில் கடலரசன் திக்த்தோ கித்தியுஸ், சொல்லி வாய் மூடுமுன், கடலை அடக்குகிறான். தொடக்கத்தில் இருப்பவர்கள் க்வம் போட்டே எழுதுங்கள். க்வம் எழுதிப் பிழையானது என்று எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்.

எண்கள் வந்தால் மட்டும் ஒரு சலுகை. ப்லூஸ், மினுஸ், அம்ப்லியுஸ், லொங்கியுஸ் நான்கும் எண்ணுக்கு முன் க்வம் இல்லாமலே வரும், எண்ணின் வேற்றுமையும் மாறாது. ப்லூஸ் துக்கென்த்தீ மீலித்தேஸ் புக்னன்த் என்றால் ‘200 வீரர்களுக்கு மேல் போரிடுகிறார்கள்’.

8. எவ்வளவு அதிகம் என்று சொல்ல

‘மிகவும் வேகமாக’ என்பதில் ‘மிகவும்’ போல முல்த்தும் போடுவார்கள். ஒப்பீட்டு நிலைக்கு முன் வர வேண்டியது முல்த்தோ, ஐந்தாம் வேற்றுமை. வேறுபாட்டின் அளவை லத்தீன் அந்த வேற்றுமையில்தான் சொல்கிறது. முல்த்தோ கெலெரியுஸ், ‘எவ்வளவோ வேகமாக’. பௌலோ கெலெரியுஸ், ‘கொஞ்சம் வேகமாக’.

‘எவ்வளவு... அவ்வளவு’ என்ற நம் அமைப்பும் இதே வேற்றுமையால் நடக்கும். முன் பாதியில் க்வோ, பின் பாதியில் எயோ:

க்வோ தியூத்தியுஸ் லெகித், எயோ மெலியுஸ் இன்த்தெல்லெகித்: எவ்வளவுக்கு அதிக நேரம் படிக்கிறானோ அவ்வளவுக்கு நன்றாகப் புரிந்துகொள்கிறான்.

இரு பாதியிலும் ஒப்பீட்டு நிலை இருக்க வேண்டும். பின் பாதியில் பெனெ என்று இயல்பு நிலையை எழுதி விடுவது சகஜமான பிழை.

9. படிக்கும்போது ‘இயுஸ்’ஸை அடையாளம் காண்பது

எழுதுவதை விட இது கடினம் என்பது என் கருத்து. ‘இயுஸ்’ என்று முடியும் சொல்லைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

இது ஒப்பீடுதானா? ஃபீலியுஸ் (மகன்), மெதியுஸ் (நடுவிலான), லூக்கியுஸ் என்ற பெயர், இவையெல்லாம் அப்படி முடியும். ‘அவனுடைய’ என்ற பொருளில் வரும் இல்லீயுஸ் போன்றவையும் பார்வைக்கு அப்படியே. நெடில் ஈகாரத்தை அச்சில் காட்டாத நூலில் அகராதிதான் துணை.

ஒப்பீடு என்றால், அருகில் நடுப்பால் ஒருமைப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அது வினையடை, மேலே யோசிக்க வேண்டாம். ‘மீலித்தேஸ் ஃபொர்த்தியுஸ்’ என்பதில் மீலித்தேஸ் ஆண்பால் பன்மை. ஃபொர்த்தியுஸ் அதோடு ஒட்டவே முடியாது.

நடுப்பால் பெயர் இருந்தால், வினை என்ன? அனிமல் ஃபொர்த்தியுஸ் எஸ்த் என்பதில் வினை ‘இருக்கிறது’. ஆகவே ‘விலங்கு அதிகத் துணிவானது’, பெயரடை. அனிமல் ஃபொர்த்தியுஸ் புக்னத் என்பதில் வினை போரிடுவது. ‘விலங்கு அதிகத் துணிவாகப் போரிடுகிறது’ என்று எடுப்பதே இயல்பு. சில வாக்கியங்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். அங்கே முன்பின் வாக்கியங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒப்பீடு என்று முடிவானதும் க்வம் தேடாதீர்கள். பல வாக்கியங்களில் அது இருக்காது. ‘முன்பை விட’ என்று உள்ளூர நினைத்துக்கொள்ளலாம், அல்லது ‘சற்றே’, ‘அளவுக்கு மீறி’ என்ற பொருளாக இருக்கலாம். லொங்கியுஸ் ப்ரோக்கெஸ்ஸித் என்பதற்கு ‘இன்னும் தூரம் போனான்’ என்றும் ‘தேவைக்கு மேல் தூரம் போய்விட்டான்’ என்றும் பொருள் கொள்ள முடியும். 1894-இல், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தென் முன்வைத்த ஒலிம்பிக் முழக்கமான கித்தியுஸ், அல்த்தியுஸ், ஃபொர்த்தியுஸ் மூன்றும் இப்படிக் க்வம் இல்லாத ஒப்பீட்டு வினையடைகளே. வேகமான, உயர்ந்த, வலிமையான என்று பெயரடையாக மொழிபெயர்ப்பது பிசகு. ‘இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக’ என்று ‘ஆக’ போட வேண்டும்.

10. உச்ச நிலை, சுருக்கமாக

அதே பகுதியோடு ‘இஸ்ஸிமே’ சேர்த்தால் உச்ச நிலை: லாத்திஸ்ஸிமே, ஃபொர்த்திஸ்ஸிமே. ‘எர்’ என்று முடியும் பெயரடைக்கு மட்டும் பகுதியை விட்டுவிட்டு முதல் வடிவத்துக்கே ‘ரிமே’ சேருங்கள்: புல்க்கெர்ரிமே, ஆக்கெர்ரிமே, கெலெர்ரிமே. ஃபக்கிலிஸ் குடும்பத்தில் லகரம் இரட்டிக்கும்: ஃபக்கில்லிமே.

உச்ச நிலைக்கு முன் க்வம் வந்தால் அது ‘விட’ இல்லை. க்வம் கெலெர்ரிமே என்றால் ‘முடிந்த மட்டும் வேகமாக’. க்வம் கண்டதும் ‘விட’ என்று எழுதும் கை, பின்னால் நிற்கும் சொல் ‘இயுஸ்’ஸா ‘இமே’யா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதட்டும்.

11. கையைப் பழக்க

விடையை மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் அகராதியின் இரண்டாம் வடிவத்திலிருந்து தொடங்குங்கள்.

‘உழவன் அடிமையை விடக் கவனமாக உழைக்கிறான்.’ பெயரடை தீலிகேன்ஸ், தீலிகென்த்திஸ். விடை: அக்ரிக்கொல தீலிகென்த்தியுஸ் க்வம் ஸெர்வுஸ் லபோரத். ‘க்வம் ஸெர்வும்’ என்று வந்திருந்தால் ஏழாம் படியை மறுபடி படியுங்கள்.

‘நீ என்னை விட நன்றாகப் பாடுகிறாய்.’ விடை: மெலியுஸ் கன்த்தாஸ் க்வம் எகொ. இங்கேயும் ‘என்னை’ என்பது உங்களை மே பக்கம் இழுக்கும்.

மிஸெர் (பரிதாபமான), மிஸெர. ஐகெர் (நோயுற்ற), ஐக்ர. இவ்விரண்டின் ஒப்பீட்டு வினையடை? மிஸெரியுஸ், ஐக்ரியுஸ். ஒன்றில் எகரம் நிற்கிறது, மற்றதில் இல்லை.

பெனெவொலுஸ் (நல்லெண்ணம் கொண்ட)? ‘வொலுஸ்’ கூட்டம், ஆகவே பெனெவொலென்த்தியுஸ்.

‘எவ்வளவோ அடிக்கடி’? முல்த்தோ ஸைப்பியுஸ்.

கடைசியாக ஒன்று. 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் முழக்கத்தோடு கொம்மூனித்தெர் என்ற நான்காவது சொல்லைச் சேர்த்தார்கள். இது ஒப்பீட்டு நிலையா? ‘இத்தெர்’ என்று முடிவதால் இயல்பு நிலை, ‘ஒன்றாக’ என்று பொருள். கொம்மூனிஸ், கொம்மூனெ என்ற பெயரடையிலிருந்து ஒப்பீட்டு வினையடையை நீங்களே அமைத்தால் கொம்மூனியுஸ் என்று வர வேண்டும்.